பச்சையும் பாடமும்: திண்டுக்கல் சுருட்டின் முதிர்வை உணர்த்தும் சொற்கள் – ஒரு சொற்பொருண்மை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சுருட்டைச் சுற்றியவுடன் புகைப்பது சிறந்ததா, நாட்பட வைத்திருந்து புகைப்பது சிறந்ததா என்பது புகையிலை வணிகத்திலும் நுகர்விலும் நெடுங்காலமாக நிலவிவரும் வினா. இவ்வினாவைத் திண்டுக்கல் சுருட்டினை முன்வைத்துத் தமிழ்ச் சொற்களின் வழியே அணுகுகிறது இக்கட்டுரை. ‘பச்சை’, ‘புதிது’, ‘பழையது’, ‘பாடம்’, ‘பதம்’ ஆகிய சொற்களின் பொருளெல்லைகளை வரையறுத்து, தமிழ் வழக்கு முதிர்வைக் காலத்தின் பண்பாகக் கொள்ளாமல் இலையின் நிலையாகக் கொள்கிறது என்பதை நிறுவ முற்படுகிறது. சங்க இலக்கியத்தின் ‘நாட்படு தேறல்’, சுவடியியலில் வழங்கும் ‘பாடம் செய்தல்’, பழனி முருகன்மீது பாடப்பெற்ற ‘புகையிலை விடு தூது’ ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: சுருட்டு, புகையிலை, பாடம், பதம், பச்சை, தேறல், திண்டுக்கல், சொற்பொருண்மை.

1. முன்னுரை

ஒரு தொழில் நலியும்போது அதன் கருவிகள் அருங்காட்சியகத்தைச் சென்றடையலாம். அதன் சொற்கள் அவ்வாறு சென்றடைவதில்லை. சொற்கள் வழங்குவோரோடு மறைகின்றன. அல்லது பொருள் சுருங்கி வேறோரிடத்தில் எஞ்சுகின்றன. காந்திகிராமத்தைச் சூழ்ந்த திண்டுக்கல் சமவெளி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகையிலை விளையும் நிலமாக இருந்து வருகிறது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரங்களில் உழவர், கிடங்குத் தொழிலாளர், சுருட்டுச் சுற்றுவோர், வணிகர் ஆகிய நால்வகையினரின் பேச்சில் புகையிலை பற்றிய சொற்றொகுதி ஒன்று உருவானது. அத்தொகுதியில் முதிர்வு பற்றிய சொற்களை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சுருட்டுப் பற்றிய இன்றைய எழுத்துகளில் ‘புதியதா, பழையதா’ என்னும் இருமை வினாவே முதன்மை பெறுகிறது. இவ்வினாவைத் தமிழில் அப்படியே கேட்டால் விடை தெளிவுபடுவதில்லை. தமிழில் ‘புதிய சுருட்டு’ என்பதும் ‘பச்சைச் சுருட்டு’ என்பதும் ஒன்றல்ல; ‘பழைய சுருட்டு’ என்பதும் ‘பாடமான சுருட்டு’ என்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே ஆய்வின் நோக்கம். ‘தமிழ்த் தொழில்வழக்கில் முதிர்வு என்பது சுருட்டுக்கு உரியதன்று, சுருட்டுதற்கு முன்னரே இலை எய்தவேண்டிய நிலை’ என்பது இக்கட்டுரையின் கருதுகோள். புகையிலையின் பயன்பாட்டைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று என்பதும் தொடக்கத்திலேயே சுட்டத்தக்கது.

2. பெயரும் ஊரும்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த பொருளுக்கு வந்த பெயரையே வைத்துக்கொள்ளாமல், அதன் பயன்கருதிப் ‘புகையிலை’ எனப் பெயரிட்டது தமிழ். புகைத்தற்குரிய இலை என விரியும் இத்தொடர், மென்று பயன்படுத்தும் இலைக்கும் பொதுப்பெயராயிற்று. பேச்சுவழக்கில் ‘பொகையிலை’, ‘போயிலை’ எனத் திரிந்தது. ‘போயிலை’ என்னும் வடிவம் கடைப்பலகை வரை ஏறியது.

‘சுருட்டு’ என்பது சுருட்டுதல் என்னும் தொழிலின் முதனிலை, அத்தொழிலால் விளைந்த பொருளுக்கு ஆகிவந்த பெயர், முதனிலைத் தொழிலாகுபெயர். இச்சொல்லே ஆங்கிலத்தில் ‘செரூட்’ என வழங்குகிறது. யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளியான ‘ஆப்சன்-ஜாப்சன்’ அகராதி இச்சொல்லின் தமிழ் மூலத்தைப் பதிவு செய்துள்ளது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘புகையிலை’ பயனைச் சுட்டுகிறது; ‘சுருட்டு’ கைத்தொழிலைச் சுட்டுகிறது. இரண்டு பெயர்களிலும் காலம் இடம்பெறவில்லை. கள்ளுக்கும் தயிருக்கும் ஊறுகாய்க்கும் காலம் தோய்ந்த பெயர்கள் தமிழில் உண்டு. சுருட்டுக்கு அத்தகைய பெயர் அமையவில்லை.

ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சுருட்டு ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்றே உலகறிந்தது. உறையூர் அதன் சுற்றுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம். ஆயினும் அதற்குரிய இலையில் பெரும்பகுதி திண்டுக்கல் பகுதியில் விளைந்தது. ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஓம்ஸ் புதினத்தில் (1887), கொலை நிகழ்ந்த அறையில் சிந்திக்கிடந்த சாம்பலின் கருமையையும் பொரிந்த தன்மையையும் கண்டு, புகைக்கப்பட்டது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு எனத் துப்பறிவாளர் முடிவு செய்கிறார். அவர் அறிந்தது இலையின் இனத்தை. சுருட்டின் வயதை அன்று. புகையும் சாம்பலும் முதலில் காட்டிக்கொடுப்பது இலையைத்தான் என்பதற்கு இதனை ஓர் இலக்கியக் குறிப்பாகக் கொள்ளலாம்.

டபிள்யூ. பிரான்சிசு எழுதிய மதுரை மாவட்ட விவரச்சுவடி (1906) திண்டுக்கல்லின் புகையிலைப் பயிரையும் சுருட்டுத் தொழிலையும் விரிவாகக் குறிப்பிடுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை திண்டுக்கல்லில் இயங்கியது. ‘லைட் ஆப் ஏசியா’, ‘ப்ளோர் டி திண்டிகல்’ முதலிய பெயர்களில் அதன் சுருட்டுகள் கடல்கடந்து சென்றன. இதனால் ஒரே ஊரில் இருவேறு சுருட்டுகள் உருவாயின: உள்ளூரார் வாங்கி அன்றன்றே புகைத்த நாட்டுச் சுருட்டு ஒன்று, பெட்டியில் அடுக்கப்பெற்றுக் கப்பலேறிய ஏற்றுமதிச் சுருட்டு மற்றொன்று. ‘புதியதா, பழையதா’ என்னும் வினா இரண்டாவதற்கே இயல்பாக எழுவது. முதலாவதைப் பற்றிய வினா வேறு.

3. நாட்படு தேறல்: முதிர்வின் ஒரு மாதிரி

நாட்பட வைத்தால் ஒரு பொருள் சிறக்கும் என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்றின் 120ஆம் பாடலில் பாரியின் பறம்பு நாட்டு வளத்தைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைக் குறிப்பிடுகிறார். 392ஆம் பாடலில் ஔவையார், தேள் கடித்தாற்போன்ற கடுப்புடைய ‘நாட்படு தேறலை’ப் பாடுகிறார். மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைப் பேசுகிறது. பழுனுதல், விளைதல், நாட்படுதல் என்னும் வினைகள் இவ்விடங்களில் முதிர்வைக் குறித்து நிற்கின்றன. தொல்காப்பிய உரியியல் ‘முரஞ்சல்’ என்னும் உரிச்சொல்லுக்கு முதிர்வு எனப் பொருள் கூறுவதும் இவ்விடத்து நினையத்தக்கது.

தேறல் மாதிரியில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, மூடிய கலம்: நிலம் அல்லது மூங்கில். இரண்டாவது, மனிதக் கை விலகியிருத்தல்: மூடியபின் செய்வதற்கு ஒன்றுமில்லை, காலமே வேலை செய்கிறது. மூன்றாவது, பயன்: காலம் ஏற ஏறக் கடுப்பு மிகுகிறது. ஔவையாரின் உவமை இம்மூன்றாவது கூற்றைத் தெளிவாகக் காட்டுகிறது. நாட்பட்டதனால் அது மென்மையாகவில்லை. கொட்டும் தன்மை பெற்றது.

புகையிலையில் இம்மூன்றாவது கூறு தலைகீழாகிறது. முதிர்ந்த இலையின் காரம் தணிகிறது, தொண்டையைப் பிடிக்கும் தன்மை குறைகிறது, மணம் திரள்கிறது. எனவே தேறலுக்குரிய முதிர்வுச் சொற்களைப் புகையிலைக்கு அப்படியே ஏற்றியுரைத்தல் பொருந்தாது. தமிழ்த் தொழில்வழக்கு புகையிலைக்கு வேறொரு சொல்லைத் தேர்ந்தது. அச்சொல் ‘பாடம்’.

4. பாடம்: இலைக்கும் ஓலைக்கும் பொதுவான சொல்

அறுத்த புகையிலையை உலர்த்தி, அடுக்கி, அழுத்தி, பிரித்து, மீண்டும் அடுக்கிப் பயன்பாட்டு நிலைக்குக் கொணர்வதைப் ‘பாடம் செய்தல்’, ‘பாடம் போடுதல்’ என்பர். சுவடியியல் பயின்றோர்க்கு இத்தொடர் புதிதன்று. எழுதுதற்குரிய பனையோலையைத் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, வழுவழுப்பாக்கும் செயலும் ‘பாடம் செய்தல்’ எனப்படும். இறந்த விலங்கின் தோலையும் உடலையும் கெடாமற் காக்கும் செயலுக்கும் இதே தொடர் வழங்குகிறது. இன்றைய பொதுவழக்கில் இக்கடைசிப் பொருளே பெரிதும் எஞ்சியுள்ளது. ‘பாடம் செய்யப்பட்ட புலி’ என்றால் அனைவர்க்கும் விளங்கும். ‘பாடம் செய்த இலை’ என்றால் விளங்குவோர் குறைந்து வருகின்றனர்.

இப்பயன்பாடுகள் அனைத்துக்கும் பொதுவான பொருட்கூறுகள் நான்கு. (அ) பொருள் இயற்கைப் பசுமையிலிருந்து நீக்கப்படுகிறது. (ஆ) அது அழுகுவதற்கு முன் தடுக்கப்படுகிறது. (இ) இதற்கு மனித உழைப்பும் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் வேண்டப்படுகின்றன. (ஈ) முடிவில் அது புதியதொரு பயனுக்குத் தகுதி பெறுகிறது. ஓலை எழுத்துக்கும், இலை புகைக்கும் தகுதி பெறுகின்றன.

கற்றற்பொருளில் வழங்கும் ‘பாடம்’ என்னும் சொல்லோடு இதற்குள்ள உறவு தனியே ஆராயத்தக்கது. ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டு சொற்பிறப்பை முடிவு செய்தல் ஏற்புடையதன்று. ஆயினும் வழக்குநிலையில் ஓர் இணைப்பு வெளிப்படையாகவே உள்ளது. நெட்டுருச் செய்தலைப் ‘பாடம் பண்ணுதல்’ என்பர். அதுவும் திரும்பத் திரும்பச் செய்து நிலைபெறச் செய்தலே. ‘படிதல்’ என்னும் வினை கீழே தங்குதலையும், ‘படித்தல்’ கற்றலையும் உணர்த்துவதும் ஒப்புநோக்கத்தக்கது. கல்வியிலும் இலையிலும் காலம் தானாக எதையும் செய்துவிடுவதில்லை. மீளமீளச் செய்யும் தொழிலே பாடமாக்குகிறது என்னும் உணர்வு இவ்வழக்குகளின் அடியில் உள்ளது எனலாம்.

இதுவே தேறல் மாதிரிக்கும் பாடம் மாதிரிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. தேறலை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். இலையைத் திறந்து திறந்து பார்க்க வேண்டும்.

5. இலையில் நிகழ்வது

இச்சொல்லாய்வைப் பொருளாய்வோடு பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது. திண்டுக்கல் பகுதியில் புகையிலை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நடப்பெற்று, தை, மாசி மாதங்களை ஒட்டி அறுவடையாகிறது. ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கப்பல் என இலையின் வடிவும் நிறமும் பற்றிய பெயர்களால் உழவர் வகைகளைப் பிரித்தறிந்தனர். வேடசந்தூரில் 1948இல் நிறுவப்பெற்ற புகையிலை ஆராய்ச்சி நிலையம் சுருட்டுக்கும் மெல்லுதற்கும் உரிய வகைகளை ஆய்ந்து வந்துள்ளது.

அறுத்த இலையில் உயிர்ப்பு உடனே நின்றுவிடுவதில்லை. உலரும் வாரங்களில் பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி, அதுவும் பெரும்பாலும் செலவாகிறது. இது முதற்கட்டம். உலர்ந்த இலையை ஈரப்பதத்தோடு அடுக்கிக் குவிக்கும்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. குவியலின் உள்ளே வெப்பம் தானாக ஏறுகிறது. 50 பாகை செல்சியசையும் அது எட்டக்கூடும். புரதப்பொருள்கள் சிதைந்து அம்மோனியா வெளியேறுகிறது. நிகோட்டின் ஓரளவு குறைகிறது. வெப்பம் மிகுந்தால் இலை கருகிக் கெடும். குறைந்தால் மாற்றம் நின்றுபோகும். ஆகவே குவியலைக் கலைத்து, உள்ளிருந்த இலையை வெளியேயும் வெளியிருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். ‘பாடம் போடுதல்’ என்னும் தொடர் உணர்த்தும் மீள்செயலின் உள்ளடக்கம் இதுவே.

மெல்லும் புகையிலைக்கு வெயிலில் உலர்த்தலும் இரவில் அடுக்கலும் மாறிமாறி நிகழ்த்தப்பெற்று, வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்த நீர் தெளிக்கப்படுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் முறை வேறு. அங்குத் தேங்காய் மட்டைப் புகையில் இலை பதப்படுத்தப்பெறும். சுருட்டுக்குரிய இலைக்குக் ‘கோடா’ எனப்படும் பாகுநீர் சேர்க்கப்பெறும். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்ற வணிகமும், பின்னர் யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கையில் நடத்திய சுருட்டுக்கடைகளும் வரலாற்றில் பதிவானவை. வெயில், குவியல், புகை, பாகு என முறைகள் வேறுபட்டாலும், இருகரைத் தமிழரும் தம் உழைப்பை இலையின்மீதே செலுத்தினர் என்பது பொதுவுண்மை.

இங்குப் ‘பதம்’ என்னும் சொல்லின் இடமும் தெளிவாகிறது. உலர்ந்த புகையிலை காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும், எளிதில் இழக்கும். நண்பகலில் தொட்டால் நொறுங்கும் இலை, அதிகாலைப் பனியில் தோல்போல் வளையும். எனவே இலையைக் கையாளுதற்கு விடியற்பொழுது ஏற்றதாகிறது. பாடம் என்பது மீளாத மாற்றம். பதம் என்பது வந்துபோகும் நிலை. பாடமான இலை மீண்டும் பச்சையாகாது. பதமான இலை ஒரு பகல் வெயிலில் பதம் கெடும். மறுநாள் காலையில் மீண்டும் பதம் பெறும்.

6. சுருட்டிய பின் நிகழ்வது

சுருட்டில் உள்ளே வைக்கும் இலை, அதனைப் பிடித்துக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை என மூன்று இலைகள் உள்ளன. திண்டுக்கல் ஏற்றுமதிச் சுருட்டுகளின் மேலிலைக்குச் சாவா, சுமத்திரா இலைகள் வரவழைக்கப்பெற்றன. வெவ்வேறு நிலங்களில் விளைந்த இலைகளை ஒன்றாக்கிச் சுற்றும்போது, அவற்றின் ஈரமும் மணமும் ஒருநிலைப்படச் சில காலம் தேவைப்படுகிறது. சுற்றுதற்காக நனைக்கப்பெற்ற இலையில் ஈரம் மிகுந்திருத்தலால், குவியலில் அடங்கியிருந்த மாற்றம் மீண்டும் சிறிது தொடங்கி, அம்மோனியா வாடை எழுவதும் உண்டு. இதனாற்றான் சுருட்டுக்குப் புகழ்பெற்ற கியூபாவின் சுருட்டு ஆர்வலரிடையே, சுற்றிய ஒரு மாதத்திற்குள் புகைக்க வேண்டும், அன்றேல் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்னும் கொள்கை நிலவுகிறது. இடைப்பட்ட காலமே சுவை கெட்ட காலம் என்பது அவர்தம் கருத்து.

பெட்டியில் வைத்து முதிர்விப்போர் 65 முதல் 70 விழுக்காட்டு ஈரப்பதத்தையும் 18 முதல் 21 பாகை வெப்பத்தையும் உகந்தனவாகக் கொள்வர். தேவதாரு வகை மரப்பெட்டி அதற்குத் துணைசெய்யும். இது தேறல் மாதிரியின் மறுவடிவம்: மூடிய கலம், விலகிய கை, வேலை செய்யும் காலம். குளிர்நாட்டு மாளிகையின் நிலவறைக்கு இம்மாதிரி பொருந்தும். கோடையில் 38 பாகைக்கு மேல் வெயிலேறும் திண்டுக்கல் சமவெளிக்கு இது பொருந்துவதன்று. இங்குக் காப்பின்றி வைக்கப்பெற்ற மெல்லிய நாட்டுச் சுருட்டு சில நாளிலேயே ஈரம் இழந்து நொறுங்கும். சீறி எரிந்து நாவைச் சுடும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பமான கிடங்கில் புகையிலை வண்டு பெருகி, சுருட்டின் ஊடே ஊசிமுனைத் துளைகளை இடும். துளைபட்ட சுருட்டு புகையை இழுத்துத் தராது.

ஆகவே உள்ளூரார் சுருட்டை வாங்கிச் சேமித்து வைக்காமல் அவ்வப்போது வாங்கிப் புகைத்தமைக்கு வறுமையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. முதிர்வுக்குரிய உழைப்பு இலையிலேயே முடிந்துவிட்டதால், சுருட்டில் காத்திருக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. காத்திருப்பதற்குத் தட்பவெப்பமும் இடந்தரவில்லை. இவ்விரண்டும் சேர்ந்தே, சுருட்டின் வயதைக் குறிக்கும் சொல் தமிழில் தோன்றாமைக்குக் காரணமாயின எனக் கருத இடமுண்டு.

7. போகாத இலை: புகையிலை விடு தூது

சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகன்மீது பாடிய ‘புகையிலை விடு தூது’ திண்டுக்கல் வட்டாரத்தோடு இருவகையில் தொடர்புடையது: பாட்டுடைத் தலைவன் உறையும் பழனி இன்று இம்மாவட்டத்தில் அமைந்துள்ளது, தூதாகச் செல்லும் பொருள் இம்மாவட்டத்தின் விளைபொருள். உ.வே. சாமிநாதையரின் பதிப்பால் இந்நூல் நமக்குக் கிடைத்தது.

இந்நூலில் புகையிலையின் பெயர்க்காரணமாக ஒரு கதை கூறப்படுகிறது. மூவரும் தத்தமக்குரிய இலைகளை அவைக்குக் கொணர வேண்டிய நிலையில், சிவனுக்குரிய வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்று. திருமாலுக்குரிய துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. நான்முகனுக்குரிய இலையோ நாமகளிடம் இருந்தமையால் போகாமல் நின்றது. போன இலைகளுக்கு எதிராகப் ‘போகையிலை’ எனத் தன் இலையைக் காட்டி அவன் வென்றான். இச்சிலேடை எழுத்துவழக்கில் சற்று விலகியும், ‘போயிலை’ என்னும் பேச்சுவழக்கில் நெருங்கியும் நிற்பது மொழியியல் நோக்கில் சுவையானது.

நகைச்சுவைக்காகப் புனையப்பெற்ற கதையே ஆயினும், முதிர்வு பற்றிய கருத்தொன்று இதில் உறைந்துள்ளது. வில்வமும் துளசியும் செடியிலிருந்து பறித்துப் பச்சையாகச் சாத்தப்படுவன. புகையிலையோ பச்சை நீங்கிய பின்னரே பயன்படுவது. எனவே நிலைத்து நிற்பது. வில்வமும் துளசியும் வாடினும் பூசைக்கு ஆகும் என்னும் சமய மரபு உண்டே என இதனை மறுக்கலாம். அங்கு வாடுதல் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. புகையிலையில் உலர்தல் வேண்டப்படுகிறது. முன்னது விதிவிலக்கு, பின்னது விதி. மேலும், போகாமல் நின்ற இலையைக் காத்தவள் கல்விக்குரிய நாமகள். இலையைப் பாடம் செய்தலையும் கல்விப் பாடத்தையும் புலவர் இணைத்துக் கருதினார் எனத் துணிவதற்கு நூலில் நேர்ச்சான்று இல்லை. ஆனால் இரு பொருளும் அறிந்த அக்காலத்துக் கேட்போர்க்கு அவ்வியைபு தோன்றியிருக்கக் கூடும்.

8. நான்கு நிலைகள்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ‘புதிது – பழையது’ என்பது காலம் பற்றிய எதிர்ச்சொல் இணை. ‘பச்சை – பாடம்’ என்பது நிலை பற்றிய எதிர்ச்சொல் இணை. இவ்விரண்டையும் குறுக்காக வைத்தால் நான்கு நிலைகள் கிடைக்கின்றன.

முதலாவது, புதியதும் பச்சையும். பாடமாகாத இலையில் அன்று சுற்றிய சுருட்டு இது. இதில் அம்மோனியா நெடியும் பச்சை வாடையும் மிகும். மசாலைப் பச்சை வாடை போகும்வரை வதக்க வேண்டும் என அடுக்களையில் கூறுவதன் பொருளே இங்கும் உள்ளது.

இரண்டாவது, புதியதும் பாடமானதும். நன்கு பாடமான இலையைப் பதத்தில் எடுத்து அண்மையில் சுற்றிய சுருட்டு இது. நாட்டுச் சுருட்டுக்கு இதுவே உயர்ந்த நிலை.

மூன்றாவது, பழையதும் பச்சையும். பாடமாகாத இலையில் சுற்றிப் பல மாதம் பெட்டியில் வைத்தது. நாள் கடந்ததனால் நெடி சற்றுத் தணியலாம். ஆயின் குவியலின் வெப்பத்தில் நிகழவேண்டிய மாற்றத்தைப் பெட்டி முழுமையாக ஈடுசெய்யாது. நாள் கடந்தும் பச்சையாகவே இருக்கும் இந்நிலையை ‘புதியதா, பழையதா’ என்னும் வினாவால் காணவே இயலாது.

நான்காவது, பழையதும் பாடமானதும். ஈரப்பதம் காக்கப்பெற்ற பெட்டியில் தடித்த, நெடிய இலைகொண்ட சுருட்டு இந்நிலையில் மேலும் இணக்கமடையும். காப்பு இல்லையேல் பதம் கெட்டு உதிரும்.

எனவே ‘புதியது நன்றா, பழையது நன்றா’ என்னும் வினாவுக்கு இவ்வட்டாரச் சொல்வழக்குத் தரும் விடை: முதலில் பாடமானதா எனக் கேள், அடுத்துப் பதமாக உள்ளதா எனக் கேள், நாளை அதன்பின் எண்ணு. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்கும் இதில் ஒரு பயன் உண்டு. இலையின் முதிர்வையும் பெட்டியின் முதிர்வையும் ‘வயதாக்கம்’ என்னும் ஒரே புதுச்சொல்லால் குறித்தால், வழக்கிலுள்ள வேறுபாடு மறைந்துவிடும். முன்னதைப் ‘பாடம்’ என்றும் பின்னதை ‘நாட்படுத்தல்’ என்றும் குறிப்பது மரபுக்கும் பொருளுக்கும் ஒத்ததாகும்.

9. சொல்லும் பொருளும்: ஓர் எச்சரிக்கை

பாடமான இலை ‘மென்மையானது’ எனப்படுவதால் அது தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. பதப்படுத்தலின்போதும் குவியலில் முதிரும்போதும் நிகோட்டின் சிறிது குறைகிறது என்பது உண்மை. அதே கட்டங்களில்தான் புகையிலைக்கே உரிய நைட்ரசமீன்கள் என்னும் புற்றுநோய்க் காரணிகளும் உருவாகின்றன. நாவுக்கு இதமானது உடலுக்கு இதமானதன்று. புதியதாயினும் பழையதாயினும், பச்சையாயினும் பாடமாயினும் சுருட்டுப் புகை புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பது. 2003ஆம் ஆண்டு நடுவணரசின் சட்டம் புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தைத் தடைசெய்ததும், எச்சரிக்கைப் படங்கள் கட்டாயமானதும் இதன்பொருட்டே.

இந்நிலையில் சுருட்டுத் தொழில் சுருங்குவதற்கு வருந்த வேண்டியதில்லை. அத்தொழிலில் வாழ்ந்தோரின் பிழைப்புக்கு மாற்று வழி காண்பது சமூகத்தின் கடமை; அத்தொழிலோடு மறையவிருக்கும் சொற்களைத் தொகுப்பது தமிழ்த்துறையின் கடமை. பொருள் வேண்டா எனத் தள்ளப்படலாம். அப்பொருளைக் கையாண்ட மாந்தரின் நுண்ணறிவு தள்ளத்தக்கதன்று. தேறலை எவரும் இன்று மூங்கிலில் விளைவிப்பதில்லை. ஆயினும் ‘நாட்படு’ என்னும் அடையின் பொருளறியாமல் ஔவையாரைப் படிக்க இயலாது.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

‘புகையிலை’, ‘சுருட்டு’ என்னும் பெயர்கள் முறையே பயனையும் தொழிலையும் சுட்டுகின்றன, காலத்தைச் சுட்டவில்லை.

தமிழில் முதிர்வுக்கு இரு மாதிரிகள் உள்ளன. தேறல் மாதிரியில் மூடிய கலத்துள் காலம் கடுப்பை ஏற்றுகிறது. பாடம் மாதிரியில் மீளமீளச் செய்யும் உழைப்புக் காரத்தைத் தணிக்கிறது. புகையிலை இரண்டாவதற்கு உரியது.

பாடம் மீளாத மாற்றம். பதம் மீளும் நிலை. சுருட்டின் தரம் இவ்விரண்டாலும் அமைகிறது. நாள் அவற்றுக்குப் பின்னரே எண்ணத்தக்கது.

பெட்டியில் நாட்படுத்தல் ஏற்றுமதிச் சுருட்டுக்கும் காக்கப்பெற்ற ஈரப்பதத்துக்கும் உரியது. திண்டுக்கல் சமவெளியின் நாட்டுச் சுருட்டு, பாடமான இலையில் சுற்றி அண்மையில் புகைத்தற்கு உரியதாகவே வழங்கியது.

பனையோலை, புகையிலை, தோல் ஆகிய மூன்றிலும் வழங்கும் ‘பாடம்’ என்னும் தொழிற்சொல்லைத் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் களஆய்வின்வழித் தொகுத்து ஒப்பிடுவது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். சுற்றும் கைகளும் குவியலைக் கலைத்த கைகளும் இன்னும் சில ஊர்களில் உள்ளன. அவர்களிடமிருந்து இச்சொற்களைக் கேட்டுப் பதிவு செய்தற்குரிய காலம் குறுகியது.